என்னோடதே இல்லாத கடனுக்கு என் சம்பளத்துல பிடிக்கிறாங்க, என்ன பண்றது?

கார்த்தி_அட்லாண்டா:
மக்களே அவசரம். ஆபீஸ்ல சம்பளம் போடற பேரோல்லேர்ந்து மெயில் வந்திருக்கு, கோர்ட் ஆர்டராம், அடுத்த சம்பளச் செக்லேர்ந்து 25% பிடிப்பாங்களாம். ஏதோ ஸ்டோர் கார்டு (கடைக்காரன் குடுக்கற க்ரெடிட் கார்டு), 2016-ல ஓப்பன் பண்ணதாம், அந்தக் கடனை விலைக்கு வாங்குன வசூல் கம்பெனி ஒண்ணு கேஸ் போட்டு ஜெயிச்சிருக்கு. நான் அமெரிக்காவுக்கே 2019-லதான் வந்தேன்!! ஹெச்ஆர் கைய விரிச்சுட்டாங்க. க்ரெடிட் ரிப்போர்ட்ல இப்படி ஒண்ணுமே இல்ல. அந்த கம்பெனிக்கு போன் போட்டா எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) சொல்லு, பர்த் டேட் சொல்லுங்கறான், கட் பண்ணிட்டேன். ஹெச்1பி வேலை விசால வேற இருக்கேன், வேலைக்கு ஏதும் ஆகுமா?

நைட்_ஷிப்ட்:
சிம்பிள் ப்ரோ, டெட் வேலிடேஷன் லெட்டர் (கடன் என்னோடதுன்னு நிரூபின்னு வசூல்காரனைக் கேக்கறது) போடுங்க. அவங்கதான் ப்ரூவ் பண்ணணும்.

பேரோல்_அக்கா:
தம்பி, மேல சொன்னதை நம்பி உக்காந்துடாதீங்க. அந்த லெட்டர் கேஸுக்கு முன்னாடி, வசூல்காரன் முதல் நோட்டீஸ் வந்த 30 நாளுக்குள்ள போட்டாத்தான் பலம். இப்ப ஜட்ஜ்மென்டே ஆயிடுச்சு, லெட்டர் போட்டா சம்பளப் பிடிப்பு நிக்காது.

நானும் பேரோல்லதான் இருக்கேன், ஹெச்ஆர் மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல, ஆர்டரை மதிக்காம விட்டா அந்தக் காசை கம்பெனியே கட்ட வேண்டி வரும். ஆனா ஆர்டரோட முழு காப்பி கேளுங்க, கேஸ் நம்பர், கோர்ட் பேரு, எஸ்எஸ்என் கடைசி நாலு நம்பர் இருந்தா அது உங்களோடதான்னு பாருங்க. இல்லன்னா அதை பேரோல்ல எழுத்துல சொல்லுங்க, கோர்ட்டுக்கு பதில் போடும்போது சேர்த்துடுவாங்க. 25%ங்கறது வரியும் சோஷியல் செக்யூரிட்டியும் போக மிச்சத்துல, 401கே (ஓய்வுக்கால சேமிப்பு) எல்லாம் அதுக்கு முன்னாடி கழிக்க மாட்டாங்க. வேலைக்கு பயப்படாதீங்க, ஒரே ஒரு கடனுக்காக சம்பளம் பிடிக்கறாங்கன்னு தூக்கக்கூடாதுன்னு ஃபெடரல் சட்டமே இருக்கு. சிவில் கேஸ் இது, கிரிமினல் இல்ல.

பழைய_பாக்கி:
எனக்கும் இதே கூத்து நடந்துச்சு, வேற ஸ்டேட்ல. க்ரெடிட் ரிப்போர்ட் சுத்தமா இருக்குன்னு ஏமாறாதீங்க, 2017-லேர்ந்து சிவில் ஜட்ஜ்மென்ட்டை அதுல போடறதையே நிறுத்திட்டாங்க.

நேரா கோர்ட் க்ளர்க் ஆபீஸ் போய் ஃபைலை எடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். சம்மன் யாருக்கு எங்க கொடுத்தோம்னு சர்வ் பண்ண ஆள் சத்தியம் பண்ணி ஒரு பேப்பர் போட்டிருப்பான், உயிரே அதுலதான் இருக்கு, நம்ம பேருங்கறப்போ அப்பா பேரு லாஸ்ட் நேமா போய் ஊர்ல பாதிப் பேருக்கு அதே பேரு, வசூல்காரன் பேரை வெச்சு தேடி கிடைச்ச ஆளை பிடிச்சிடறான். அந்தப் பேப்பர்ல இருக்கறது நீங்க இருந்தே இல்லாத அட்ரஸ்னா, டிஃபால்ட் ஜட்ஜ்மென்ட்டை (நீங்க வராததால கொடுத்த தீர்ப்பு) ரத்து பண்ண மோஷன் (கோர்ட்டுக்கு மனு) போடுங்க, கூடவே பிடிப்புக்கு ஸ்டே கேளுங்க. பாஸ்போர்ட் ஸ்டாம்ப், ஐ-94 (அமெரிக்காவுக்குள்ள வந்த பதிவு), வீட்டு லீஸ் எல்லாம் ஆதாரமா வைங்க. கெடு சின்னதா இருக்கலாம், ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும்.

ஃபைல்ல இருக்கறது உங்க எஸ்எஸ்என்னேன்னா கதை வேற, அப்ப அது ஐடென்டிட்டி தெஃப்ட் (அடையாளத் திருட்டு), எஃப்டிசியோட (நுகர்வோர் பாதுகாப்பைப் பாக்கற ஃபெடரல் அமைப்பு) ஐடென்டிட்டிதெஃப்ட் டாட் கவ்ல ரிப்போர்ட் போட்டு மூணு க்ரெடிட் பீரோவுலயும் ஃப்ரீஸ் பண்ணுங்க (உங்க பேர்ல புதுக் கடன் வாங்க விடாம பூட்டறது, காசு கிடையாது). வெறும் பேர்க் குழப்பம்னா அந்த ரிப்போர்ட் போடாதீங்க, யாரும் உங்க ஐடியைத் திருடலையே.

இன்னொண்ணு, வசூல் கம்பெனிக்காரன் "ஒரு சின்ன அமௌன்ட் கட்டுங்க, நிறுத்திடறோம்"பான். பத்து டாலர்கூட குடுக்காதீங்க, கடன் உங்களோடதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

கார்த்தி_அட்லாண்டா:
ஃபைல் எடுத்துட்டேன். மிடில் இனிஷியல் வேற, எஸ்எஸ்என் கடைசி நாலும் வேற, அட்ரஸ் நான் கேள்வியே படாத ஏதோ அபார்ட்மென்ட்!! கோர்ட் செல்ஃப்-ஹெல்ப்ல (வக்கீல் இல்லாதவங்களுக்கு உதவற இடம்) ஃபார்ம் குடுத்தாங்க, மோஷன் போட்டாச்சு. ஏற்கெனவே ஒரு செக்ல பிடிச்ச காசு திரும்ப வருமா?

பழைய_பாக்கி:
கேட்டாத்தான் வரும், அதை மோஷன்லயே தனியா எழுதிக் கேக்கணும். சில ஸ்டேட்ல பிடிச்ச காசு முதல்ல கோர்ட்டுக்குத்தான் போகும், அங்கயே நிறுத்தி வைக்கச் சொல்லலாம். ஆர்டர் வந்ததும் சர்ட்டிஃபைட் காப்பி எடுத்து நீங்களே பேரோல் கைல குடுங்க, கோர்ட் அனுப்பும்னு காத்திருந்தா இன்னொரு செக்கும் போயிடும். அப்புறம் எஃப்டிசிபிஏ (கடன் வசூல்காரங்களைக் கட்டுப்படுத்தற ஃபெடரல் சட்டம்) லாயர் ஒருத்தரைப் பாருங்க, ஜெயிச்சா அவர் ஃபீஸை வசூல் கம்பெனியே குடுக்கணும், அதனால பல பேர் முன்பணம் கேக்கறதில்ல. அவங்க சட்டத்தை மீறுன நாள்லேர்ந்து ஒரு வருஷத்துக்குள்ள கேஸ் போட்டாகணும்.