புதுப்பிப்பு: பிளெண்டர் கோட்டோவியத்தில் முக்கோணக் கோடுகள் மறைந்துவிட்டன

பம்பு உறையின் முப்பரிமாண மாதிரியை, பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் கோடுகளை வரைந்துதரும் ஃப்ரீஸ்டைல் வசதி வழியாகக் கோட்டோவியமாக்கினால், தட்டையான பரப்பிலும் முக்கோணக் கோடுகள் வலைபோல் விழுகின்றன என்று கேட்டிருந்தேன். உதவிய அனைவருக்கும் நன்றி.

எந்த மடிப்பு விளிம்புக்குக் கோடு விழ வேண்டும் என்று தீர்மானிக்கும் மடிப்புக் கோணத்தைக் குறைத்துப் பார்த்தேன். ஒரு கோடுகூட நகரவில்லை. தீர்வு தந்தது, ஒட்டியிருக்கும் முனைகளை இணைக்கச் சொன்ன யோசனைதான். எஸ்டிஎல் (பரப்பை முக்கோணங்களாகச் சேமிக்கும் கோப்பு வகை) கோப்பிலிருந்து இறக்குமதியான மாதிரியில் ஒவ்வொரு முக்கோணமும் தனித் துண்டாகவே இருந்தது. அதனால் எல்லா விளிம்புகளையும் ஃப்ரீஸ்டைல் எல்லைக்கோடாக எடுத்துக்கொண்டது. இணைத்ததும் வலை முழுவதும் மறைந்தது. எவ்வளவு நிம்மதி!

எதிர்பாராதது ஒன்று: முதலில் இணைப்புத் தூரத்தை (இதற்குள் இருக்கும் முனைகள் ஒன்றாகிவிடும்) 1 மி.மீ. என்று வைத்ததில், திருகுமரையின் பற்கள் ஒன்றோடொன்று ஒட்டி மழுங்கிவிட்டன. 0.1 மி.மீ.க்குக் குறைத்தபோது ஒவ்வொரு பல்லும் கூர்மையாக வந்தது. நுண்ணிய பாகங்கள் உள்ள மாதிரியில் இதை மறக்காமல் கவனியுங்கள்.

கேமராவை ஆர்த்தோகிராஃபிக்காக (தொலைவால் அளவு சுருங்காத பார்வை) மாற்றி, எஸ்விஜி (கோடுகளாகவே சேமிக்கும் பட வகை) கோப்பாகச் சேமித்துவிட்டேன்.