மிளகை விற்பதா, மூட்டையிலேயே வைத்திருப்பதா?

கேள்வி (மாத்தளை): 2022 செப்டெம்பரில் இலங்கையில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது வங்கிச் சேமிப்பு கண்முன்னே கரைந்ததால், இம்முறை காய்ந்த மிளகை விற்காமல் வைத்திருக்க எண்ணுகிறேன். 2021இல் அவசரகால விதிகளைக் கொண்டு அரிசி, சீனிக் களஞ்சியங்களில் அரசு தலையிட்டதைப்போல இதிலும் தலையிடுமா?

பதில் (கண்டி): தம்பி, அந்த அவசரகால விதிகள் அத்தியாவசிய உணவுகளைக் குறித்தவை; மிளகோ ஏற்றுமதிப் பயிர். எனக்கு ஈரத்தின்மீதுதான் அச்சம். கடித்தால் நொறுங்கும்வரை காயவைத்து, மூட்டைகளைப் பலகைமேல் அடுக்குங்கள். எங்கள் வீட்டில் மண்சுவரில் சாய்ந்திருந்த மூட்டையில் பூஞ்சணம் பிடித்து, வியாபாரி பாதி விலைக்கும் எடுக்கவில்லை.

பதில் (பதுளை): தேயிலைக் கொழுந்தை ஒருநாள்கூட வைத்திருக்க முடியாத எங்களுக்கு இந்த வாய்ப்பே இல்லை, அண்ணா. ஆனாலும் 2016க்குப் பிறகு உலகச் சந்தையில் மிளகு விலை ஆண்டுக்கணக்கில் சரிந்ததை மறவாமல், உரத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வேண்டியதை விற்றுவிட்டு மீதியை மட்டும் வையுங்கள்.