பேரீச்ச ஓலைல கருப்பு முண்டு முண்டா வந்துருக்கு, புது பூஞ்சையா?

உப்புக்காத்து:
சாயல்குடி பக்கம் தோட்டம். வாப்பா சவூதில இருந்து கொண்டாந்த பழத்தோட கொட்டைய ஊன்றி வளத்த பேரீச்சை பதினோரு மரம் நிக்கிது. ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்பறம் அடி மட்டைல கடுகு சைஸுல கருப்பா முண்டு, ஓலையோட ரெண்டு பக்கமும், தடவுனா சொரசொரங்குது, சிலதுல மஞ்சப் பொடி கைல ஒட்டுது. உரக்கடைல உப்புத் தண்ணி கோளாறுன்னு ஏதோ மருந்து குடுத்தாக, ரெண்டு தடவ அடிச்சும் கேக்கல. பக்கத்து வீட்டுத் தம்பி போன் ஆப்ல போட்டோ போட்டுட்டு "லிஸ்ட்லயே இல்லண்ணே, புது பூஞ்சை, உங்க பேரையே வச்சிரலாம்"ங்கிறான் 😄 அதை எப்புடி உறுதி பண்றது?

பனங்காட்டான்:
உப்புன்னா ஓலை நுனி கருகும்ணே, முண்டு வராது. பக்கத்துல ஈச்சமரம் நிக்கிதா பாருங்க, ரெண்டும் ஒரே குடும்பம், அதுலயும் இதே முண்டு இருக்கலாம்.

பூசணக்காரி:
பயிர் நோயியல் படிக்கிறேன்ணே. நீங்க சொல்ற முண்டு, மஞ்சப்பொடி எல்லாம் கிராபியோலா ஃபீனிசிஸ்ங்கிற பூஞ்சை மாதிரி இருக்கு. அது 1824லயே பேர் வாங்கிருச்சு, தம்பி இருநூறு வருசம் லேட்டு 😂 ஈரக்காத்து அடிக்கிற கடலோரத்துல ரொம்ப சாதாரணம்.

புதுசுன்னு சொல்றது லேசில்ல. புள்ளியோட ஓரத்துல சின்னத் துண்டு வெட்டி, ப்ளீச்சிங் கரைசல்ல கழுவி, உருளைக்கிழங்கு அகார் தட்டுல (பூஞ்சை வளக்குற கூழ் ஊத்துன தட்டு) வளப்போம். ஆனா கிராபியோலா உசுரோட இருக்குற ஓலைலதான் வாழும், தட்டுல பெரும்பாலும் ஆல்டர்னேரியா, பெஸ்டலோடியாப்சிஸ்னு கூட ஒட்டிட்டு வந்த வேற பூஞ்சைதான் வளரும். அதப் பாத்து இதான் நோய்க்கு காரணம்னு நெனச்சு ஏமாறுறவங்க நெறைய, நானும் மொத செமஸ்டர்ல ஏமாந்தேன். அதனால வளந்தத நல்ல கன்னுல தடவி அதே நோய் வருதா, அதுல இருந்து அதே பூஞ்சை திரும்ப கெடைக்குதான்னு பாக்கணும். அப்பறம் டிஎன்ஏ. அதுல ஐடிஎஸ்ங்கிற பகுதிய 2012ல பூஞ்சைக்கெல்லாம் இனத்த அடையாளம் காட்டுற பொது பார்கோடா முன்மொழிஞ்சாங்க, ஆனா பெஸ்டலோடியாப்சிஸ் மாதிரி கூட்டத்துல அது மட்டும் பத்தாது, பீட்டா டியூபுலின், டெஃப்1ங்கிற மரபணுவெல்லாம் சேத்துப் பாத்துதான் 2014ல அதையே மூணு பேரினமா பிரிச்சாங்க. எல்லாம் தேறுனா, சாம்பிள் ஓலைய ஹெர்பேரியத்துல (காஞ்ச செடி மாதிரிகள சேத்து வைக்கிற எடம்) வச்சு, பேர பதிவு பண்ணி நம்பர் வாங்கணும், 2013ல இருந்து அது கட்டாயம். இராமநாதபுரத்துல மொத தடவ தென்பட்டா அது புது இடம், புது இனம் இல்ல. அப்பறம் தன் பேரத் தானே வச்சுக்கிற வழக்கமும் கெடையாது 😄

லேபுக்கு அனுப்புறதா இருந்தா பேப்பர்ல சுத்துங்க, பிளாஸ்டிக் கவர்ல வேத்து அழுகிரும்.

உப்புக்காத்து:
ஓடைக்கரைல மூணு ஈச்சமரம், அடி மட்டை பூரா இதே முண்டு, இத்தன நாளா கண்ணுலயே படல. நாளைக்கு மட்டைய கழிச்சு ஓடைல தள்ளிறவா?

பனங்காட்டான்:
ஓடைல போட்டா பொடி பறந்து திரும்ப உங்க மரத்துக்கே வரும்ணே, எரிச்சிருங்க. முண்டு வந்த அடி மட்டைய மட்டும் கழிங்க, பச்ச மட்டைய மொட்டையடிச்சிராதீக.