ஜிங்க் சல்பேட் அடர்த்தி: ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது

பாமணியாறு:
மன்னார்குடி பக்கம் நெல்லுக்கு நுண்ணூட்டக் கலவை தயாரிக்கும் சிறிய யூனிட். ஏழு நீர் மூலக்கூறு சேர்ந்த துத்தநாக உப்பான ஜிங்க் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட்டுக்குப் பாதுகாப்புத் தரவுத் தாள் (பொருளின் ஆபத்தையும் கையாளும் முறையையும் சொல்லும் தாள்) எழுதுகிறோம். 9-ஆம் பிரிவில் அடர்த்தி போட வேண்டும். உப்பு தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் 25 மி.லி. அடர்த்திக் குப்பியில் மண்ணெண்ணெய் ஊற்றி அளக்கிறோம். தராசு 0.001 கிராம் வரை காட்டும். அறையில் ஏ.சி. இல்லை. புத்தகத்தில் ஒரு மி.லி.க்கு 1.96 கிராம் என்று இருக்கிறது. எங்களுக்கு 1.87, 1.91, 1.89 என்று வருகிறது. ஒரு மாதிரிக்கு மட்டும் 2.03. எது தப்பு? புத்தக எண்ணையே போட்டுவிடலாமா?

குடமுருட்டி:
புத்தக எண்ணைப் போடுவதில் தப்பில்லை, ஆனால் அது புத்தக எண் என்று தாளில் சொல்ல வேண்டும். அளந்தது என்று போட்டால் முறையும் வெப்பநிலையும் கூடவே வர வேண்டும். குப்பி முறை ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டு அமைப்பின் 109-ஆம் சோதனை வழிகாட்டியில் இருப்பதுதான், அதனால் முறையை மாற்ற வேண்டாம்.

உங்கள் எண்களில் இரண்டு தனித்தனிக் கோளாறு தெரிகிறது. 1.96-க்குக் கீழே வந்தால் காற்றுக் குமிழி அல்லது வெப்பநிலை. மேலே வந்தால் உப்பு தன் படிக நீரை, அதாவது படிகத்துக்குள் பிணைந்திருக்கும் நீரை, இழந்திருக்கிறது. ஆறு நீர் மூலக்கூறு மட்டும் உள்ள ஹெக்ஸாஹைட்ரேட்டின் அடர்த்தி 2.07, உங்கள் 2.03 அந்தப் பக்கம் நகர்ந்த மாதிரி.

முதலில் கீழே வருவதைப் பார்ப்போம். 10 கிராம் உப்பு குப்பிக்குள் பிடிக்கும் இடம் 5.1 மி.லி. அதில் 0.1 மி.லி. காற்று ஒட்டிக்கொண்டால் போதும், 1.96 என்பது 1.92 ஆகிவிடும். வெப்பநிலையும் லேசுப்பட்டதல்ல. மண்ணெண்ணெய் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். உப்பு போக மீதி 20 மி.லி. மண்ணெண்ணெயில் ஒரு டிகிரிக்கு 15 மில்லிகிராம் வித்தியாசம். உப்பு வெளியே தள்ளும் மண்ணெண்ணெயின் எடையோ வெறும் 4.1 கிராம். காலையில் வெறும் மண்ணெண்ணெயை நிறுத்துவிட்டு, ஐந்து டிகிரி ஏறிய மதியத்தில் உப்போடு நிறுத்தால் அதிலேயே 1.92-க்கு இறங்கிவிடும். இரண்டும் சேர்ந்தால் 1.89. உங்கள் எண் அதுதானே?

செய்முறை இது. மண்ணெண்ணெயிலுள்ள ஈரம் போக, அதில் நீரற்ற சோடியம் சல்பேட் கொஞ்சம் போட்டுக் குலுக்கி, வடிகட்டிக்கொள்ளுங்கள். குப்பியின் உண்மையான கொள்ளளவைக் காய்ச்சி வடித்த நீரால் கண்டுபிடியுங்கள். 30 டிகிரியில் நீரின் அடர்த்தி 0.9957. குப்பியை நன்றாக உலர்த்தி, அதே வெப்பநிலையில் மண்ணெண்ணெயின் அடர்த்தியை எடுங்கள். உப்பை ரவைப் பதத்துக்கு மெதுவாக நொறுக்கினால் போதும். மாவாக அரைத்தால் காற்று பிடிக்கும், கல்வத்தின் சூட்டில் நீரும் போகும். 8 முதல் 10 கிராம் போட்டு, உப்பு மூழ்கி மேலே ஒரு விரற்கடை நிற்கும் அளவு மட்டும் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். அதற்குப் பிறகுதான் வெற்றிட டெசிகேட்டர் (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் மூடிய பாத்திரம்). உலர்ந்த உப்பின் மேல் நேராக வெற்றிடம் வைத்தால் படிக நீர் இழுபடும். குமிழி வருவது நின்றதும் வெளியே எடுத்து, கழுத்துவரை நிரப்பி, பெரிய பாத்திரத் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து, நுண்துளை மூடியைப் போடுங்கள். துளையின் நுனிவரை மண்ணெண்ணெய் நிற்க வேண்டும். வெளிப்பக்கம் துடைத்து உடனே நிறுங்கள். குப்பியைக் கழுத்தில் மட்டும் பிடியுங்கள், உள்ளங்கைச் சூடு ஏறினால் துளை வழியே வழிந்துவிடும்.

ஒரு கணக்கு: வெறுங்குப்பி 18.420 கிராம், உப்போடு 28.420, உப்பும் மண்ணெண்ணெயும் சேர்ந்து 44.298, மண்ணெண்ணெய் மட்டும் 38.380. மண்ணெண்ணெய் அடர்த்தி 0.800. வெறும் மண்ணெண்ணெய் 19.960, உப்போடு இருந்தபோது 15.878, வித்தியாசம் 4.082. 10 × 0.800 ÷ 4.082 = 1.96.

மண்ணெண்ணெய் நனைந்த குப்பியை அடுப்பிலோ ஹாட் ஏர் ஓவனிலோ வைக்காதீர்கள். ஹெக்ஸேனால் கழுவி, பக்கத்தில் தீயில்லாத இடத்தில் காற்றில் உலரவிடுங்கள்.

கடைமடை:
இவ்வளவு பாடு எதற்கு? ஹீலியம் பிக்னோமீட்டர் (திரவத்துக்குப் பதில் ஹீலியம் வாயுவால் துகளின் கன அளவைக் காணும் கருவி) உள்ள ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பினால் சில நிமிடத்தில் எண் வந்துவிடும். காற்றுக் குமிழிப் பேச்சே இல்லை.

குடமுருட்டி:
ஆக்சைடுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நானும் அதைத்தான் சொல்வேன். இந்த உப்புக்குத் தயங்குகிறேன். அளக்கும் முன் உலர்ந்த ஹீலியத்தைத் திரும்பத் திரும்ப விட்டு கருவியில் மாதிரி இருக்கும் அறையைச் சுத்தம் செய்வார்கள், அதில் ஹைட்ரேட் நீரை விடும். அனுப்புவதென்றால் முன்னும் பின்னும் மாதிரியை நிறுக்கச் சொல்லுங்கள். எடை குறைந்திருந்தால் அந்த எண்ணை எடுக்காதீர்கள்.

பாமணியாறு அண்ணே, 2.03 வந்த மூட்டை எங்கே கிடந்தது? தகரக் கொட்டகை என்றால் கத்திரி வெயிலில் உள்ளே 39 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். ஹெப்டா ஹெக்ஸாவாக மாறும் வெப்பநிலை அதுதான். மூட்டை ஈரமாகிக் கட்டிதட்டியிருக்கும். இ.டி.டி.ஏ. டைட்ரேஷனில் (கரைசலில் உலோகம் எவ்வளவு என்று காணும் சோதனை) துத்தநாகம் பாருங்கள். சுத்தமான ஹெப்டாவில் 22.7 சதவீதம், ஹெக்ஸாவில் 24.3. 22.7-க்கு மேல் வந்தால் நீர் போயிருக்கிறது, குறை அளவீட்டில் இல்லை.

வெட்டாறு:
பாதுகாப்புப் பக்கத்தை யாரும் தொடவில்லை. 9-ஆம் பிரிவில் போடும் 1.96 துகளின் உண்மை அடர்த்தி. மூட்டை அடுக்கவும், சிந்தினால் எத்தனை டப்பா அள்ள வேண்டும் என்று கணக்குப் போடவும், துகள்களுக்கு இடையிலுள்ள காற்றையும் சேர்த்த உதிரி அடர்த்திதான் வேண்டும். 250 மி.லி. அளவு ஜாடியை நிறுத்து, புனல் வழியே உப்பைத் தட்டாமல் கொட்டி, மேற்பரப்பைச் சமன் செய்து, எடையையும் கன அளவையும் எடுங்கள். பிறகு கன அளவு மாறாமல் நிற்கும்வரை தட்டி இன்னொரு எண். இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். வெறுமனே ‘அடர்த்தி’ என்று எழுதினால் படிப்பவருக்கு எது என்று தெரியாது.

1.96 என்ற எண்ணுக்கு நம் ஊரில் நேரடி அர்த்தம் உண்டு. மூட்டை வாய்க்காலில் விழுந்தால் உப்பு மிதக்காது. அடியில் போய்க் கரையும், கனமான கரைசல் தரையோடு நகரும். மேலே தண்ணீர் தெளிவாகவே தெரியும். துத்தநாகம் மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் கடும் நஞ்சு. அதனால் சிந்தினால் என்ன செய்வது என்று சொல்லும் 6-ஆம் பிரிவில் ‘மதகை அடை, உலர்ந்த நிலையிலேயே அள்ளு, தண்ணீர் விட்டுக் கழுவாதே’ என்று எழுதுங்கள். கண்ணுக்குக் கடும் சேதம் தரும் உப்பு. நொறுக்கும்போது கண்ணாடி கட்டாயம்.

பாமணியாறு:
தகரக் கொட்டகைதான். டைட்ரேஷன் போடுகிறோம். கலவைக்கும் இதே மண்ணெண்ணெய் சரிவருமா? அதில் ஃபெரஸ் சல்பேட், போராக்ஸ், கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கு இருக்கிறது.

குடமுருட்டி:
முதல் இரண்டும் கரையாது. பிண்ணாக்கில் மிச்சமுள்ள எண்ணெய் மண்ணெண்ணெயில் இறங்கும். 5 கிராம் பிண்ணாக்கை 50 மி.லி. மண்ணெண்ணெயில் ஒரு மணி நேரம் குலுக்கி வடித்து, வடிந்த மண்ணெண்ணெயின் அடர்த்தியைக் குப்பியில் எடுங்கள். முன்னைவிட மாறியிருந்தால் கலவைக்கு இந்தத் திரவம் ஆகாது. அப்போது கலவைக்கு உதிரி அடர்த்தியை மட்டும் அளந்து, அது உதிரி அடர்த்தி என்றே குறித்துப் போடுங்கள்.