எமோவுக்கு வாசல் எது? 'அமெரிக்கன் ஃபுட்பால்' கட்சியும் 'பிளீட் அமெரிக்கன்' கட்சியும்

ஆறாம்தந்தி:

பங்க் ராக்ல இருந்து பிறந்த, உணர்ச்சியை முன்வைக்கிற எமோ இசையைக் கேட்க ஆரம்பிக்கிறவங்களுக்கு முதல்ல எந்த ஆல்பம் கொடுக்கலாம்னு கேட்டா, பாதிப் பேர் மை கெமிக்கல் ரொமான்ஸோட 'தி பிளாக் பரேட்' (2006)னு சொல்றாங்க, மீதிப் பேர் ஜிம்மி ஈட் வேர்ல்டோட 'பிளீட் அமெரிக்கன்' (2001)ங்கறாங்க. ரெண்டும் நல்ல ராக் ஆல்பம்தான், மறுக்கல. ஆனா எமோவுக்குள்ள நுழையறதுக்கு அது வாசல் இல்ல. என் ஓட்டு அமெரிக்கன் ஃபுட்பால் குழுவோட ஆல்பத்துக்கு, 1999-ல பாலிவினைல்ங்கற சின்ன இசைக் கம்பெனி வெளியிட்டது, ஆல்பத்துக்கும் அதே பேர்தான்.

ஒன்பது பாட்டு, சுமார் 40 நிமிஷம், மூணே பேர்: மைக் கின்செல்லா, ஸ்டீவ் ஹோம்ஸ், ஸ்டீவ் லாமோஸ். டிரம்ஸ் வாசிக்கிற லாமோஸே டிரம்பெட்டும் ஊதுறார். 'தி சம்மர் எண்ட்ஸ்' பாட்டுல அந்த டிரம்பெட் நுழையற இடத்தைக் கேளுங்க. கிதார் ரெண்டும் ஒண்ணையொண்ணு பின்னிக்கிட்டே போகுது, குரலை மிக்ஸ்ல முன்னாடி தள்ளவே இல்ல. ஒரே கோரஸைத் திருப்பித் திருப்பிப் பாடி மனசுல பதிய வைக்கிற வேலையும் கிடையாது. சொல்ல வந்தது முடிஞ்சதும் பாட்டு நகர்ந்துடும். பெரிய கம்பெனி, பெரிய தயாரிப்பாளர், மெருகுன்னு வந்த அன்னைக்கே எமோல இருந்த, தன்னை முன்னாடி தள்ளிக்காத அந்தத் தயக்கம் போயிடுச்சு.

பழையகேசட்:

அந்த ஆல்பத்தை நீங்கள் கொண்டாடுவதில் எனக்கு மறுப்பில்லை. கடைசி வரியில்தான் மறுப்பு. கம்பெனி வந்தது, மெருகு வந்தது, தயக்கம் போனது என்கிற கணக்கு ஜிம்மி ஈட் வேர்ல்டுக்கே ஒத்துவராது.

'கிளாரிட்டி' (1999) கேபிட்டல் என்ற பெரிய கம்பெனியில் வந்தது. 16 நிமிடம் ஓடும் 'குட்பை ஸ்கை ஹார்பர்' இருப்பது அதில்தான். பாட்டு என்று சொல்லத்தக்க பகுதி முதல் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும். பிறகு ஒரே கிதார் வரியும் அதன்மேல் அடுக்கடுக்காகக் குரல்களும் சுழன்றுகொண்டே இருந்து, முடிவில் மின்னணுத் தாளமாக மாறிவிடும். எந்த வானொலியும் இதைத் தொடாது.

அதற்குப் பிறகு கேபிட்டலுடன் இருந்த ஒப்பந்தம் முறிந்தது. 'பிளீட் அமெரிக்கன்' பதிவானபோது குழுவுக்குக் கம்பெனியே இல்லை. பதிவுச் செலவைத் தாங்களே போட்டார்கள். தயாரிப்பாளர் மார்க் டிராம்பினோ தன் பணத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். ட்ரீம்வொர்க்ஸ் கம்பெனி உள்ளே வந்தது அதன் பிறகுதான். ஆக, யாருக்கும் வளைந்துகொடுக்காத ஆல்பம் கம்பெனிக் காசில் உருவாகியிருக்கிறது. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும் 'தி மிடில்' சொந்தக் காசில். இரண்டுக்கும் தயாரிப்பாளர் ஒருவரே.

இன்னொன்றும் உண்டு. 'பிளீட் அமெரிக்கன்' ஆல்பத்தின் 'எ ப்ரெய்ஸ் கோரஸ்' பாட்டில் கூடச் சேர்ந்து பாடுபவர் தி ப்ராமிஸ் ரிங் என்ற எமோ குழுவின் டேவி வான் போலன். அந்தக் குரல் பிடித்துப்போனவர் நேராக அவருடைய குழுவின் 1997-ன் 'நத்திங் ஃபீல்ஸ் குட்' ஆல்பத்துக்குப் போகலாம். வாசலிலிருந்து உள்ளே வழி காட்டவேண்டும் என்றால் இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

கறுப்புச்சட்டை:

'பிளாக் பரேட்'ட ஒரே வரில ஓரங்கட்டிட்டீங்களே! 'வெல்கம் டு தி பிளாக் பரேட்' எப்படித் தொடங்குது? பியானோல ஒத்தை ஜி ஸ்வரம். அதுல இருந்து படிப்படியா இறங்கி, அணிவகுப்பு டிரம் சேர்ந்து, கிதார் வந்து, அப்புறம் ஒரே தாவுல வேகமான பங்க் பாட்டா மாறுது. இத்தனையும் ஒரே பாட்டுக்குள்ள. 'மாமா' பாட்டுல பாடகி-நடிகை லைசா மின்னெலி வந்து பாடியிருக்காங்க. இதுல தயக்கம் இல்லதான், ஆனா சாவைப் பத்தின பயம் ஆல்பம் முழுக்க இருக்கு. தயக்கம் மட்டும்தான் உணர்ச்சியா?

மெருகுங்கறது மேல பூசுற பூச்சுன்னு நினைக்கிறவங்க, 2016-ல வந்த 'லிவிங் வித் கோஸ்ட்ஸ்' வெளியீட்டுல 'தி ஃபைவ் ஆஃப் அஸ் ஆர் டையிங்'ங்கற பதிவைக் கேக்கணும். இதே பாட்டோட பழைய வடிவம் அது, கோரஸ் வேற. ரெண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்க. பாட்டையே பிரிச்சுத் திருப்பிக் கட்டியிருக்காங்கன்னு புரியும்.

ஆறாம்தந்தி:

கறுப்புச்சட்டை ப்ரோ, அந்தக் குழுவோட பாடகர் ஜெரார்ட் வே-யே எமோங்கற பேரைப் பேட்டிகள்ல மறுத்தவர். வேண்டாம்னு சொல்றவங்களை எதுக்கு இழுத்துக் கொண்டு வர்றீங்க?

மெருகால வர்ற நஷ்டத்துக்கு ஜாபிரேக்கர் குழுவைப் பாருங்க. 1994-ல வந்த '24 ஹவர் ரிவெஞ்ச் தெரபி'யோட பெரும்பகுதியைப் பதிவு பண்ணினது ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி. டிரம்ஸ் எதிர்லயே இருக்கிற மாதிரிக் கேக்கும். அடுத்த வருஷம் பெரிய கம்பெனில 'டியர் யூ'. தயாரிப்பு ராப் கவல்லோ, அதாவது பின்னால 'பிளாக் பரேட்' பண்ணின அதே ஆள். கிதாரை அடுக்கி அடுக்கிச் சுவராட்டம் எழுப்பிட்டார், கரகரன்னு கத்தின குரல் தணிஞ்சுபோச்சு. பழைய ரசிகர்கள் திரும்பிக்கிட்டாங்க, 1996-ல குழுவே கலைஞ்சது.

பழையகேசட்:

பெயரை மறுத்தவர்களை எல்லாம் நீக்கினால் முதலில் போகவேண்டியது ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங். 1985-ல் டிஸ்கார்ட் கம்பெனி வெளியிட்ட அவர்களுடைய ஆல்பத்திலிருந்துதான் எமோவின் வரலாற்றை எல்லாரும் தொடங்குகிறார்கள். அந்தக் குழுவின் பாடகர் கை பிச்சியோட்டோவும் இந்தப் பெயரை ஏற்றுக்கொண்டவர் அல்ல.

அந்த ஆல்பத்தில் நீங்கள் சொல்லும் தயக்கம் எங்கே இருக்கிறது? தொண்டை கிழியக் கத்துகிறார், கிதார் சுருதி விலகுவதைப் பற்றிக்கூடக் கவலைப்படவில்லை. உங்கள் இலக்கணத்தை வைத்துப் பார்த்தால் எமோவின் முதல் ஆல்பமே எமோ இல்லை என்றாகிவிடும்.

'டியர் யூ' விஷயத்தில் ரசிகர்களின் கோபத்தை ஆல்பத்தின் குறையாக எண்ணவேண்டாம். பின்னால் மறுபதிப்பாக வந்தபோது அதே ஆல்பத்தைத்தான் நிறையப் பேர் தேடி வாங்கினார்கள். வீசர் குழுவின் 'பிங்கர்டன்' (1996) கதையும் இதுதான். பெரிய கம்பெனி வெளியீடு, ஆனால் வெளித் தயாரிப்பாளர் இல்லாமல் தாங்களே செய்தது. டிரம்ஸ் உடைகிறது, கிதார் இரைகிறது. வந்த வேகத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது. கரடுமுரடாக இருந்ததற்கே அதற்கு அடி விழுந்தது!

டெசிபல்:

இரு தரப்பாரும் எப்படி ஒப்பிட்டுக் கேட்கிறீர்கள் என்று யாருமே சொல்லவில்லை. ஒலி அளவைச் சமப்படுத்தாமல் கேட்டால் இந்த விவாதத்துக்குப் பொருளே இல்லை. ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக்கூடக் காது 'கூடுதல் சத்தம்' என்று சொல்லாது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் சொல்லும். 2000-களின் ராக் ஆல்பங்கள் பலவும் மாஸ்டரிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முந்திய கடைசி ஒலிச் சரிசெய்தலில், உச்சங்களை அமுக்கும் லிமிட்டர் வைத்து உச்சிவரை தள்ளப்பட்டவை. பழைய சிறு கம்பெனி வெளியீடுகளில் அந்தத் தள்ளல் குறைவு.

செய்ய வேண்டியது இதுதான். ஸ்பாட்டிஃபையில் கேட்பவர்கள் ஒலி அளவைச் சமப்படுத்தும் அமைப்பை இயக்கிவிடுங்கள். அது பாட்டுகளை ஏறக்குறைய -14 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் கொண்டுவரும். கோப்பாக வைத்திருப்பவர்கள் எடிட்டிங் மென்பொருளில் இரண்டையும் ஏற்றி, முழுப் பாட்டின் சராசரி உரப்பை அளந்து, உரத்த பாட்டைக் குறையுங்கள். மெல்லிய பாட்டை ஏற்றக்கூடாது. ஏற்றினால் அதன் ஸ்நேர் டிரம் அடிகள் உச்சத்தைத் தாண்டி வெட்டுப்படும், பிறகு ஒப்பீடே பொய்யாகிவிடும். இரண்டிலிருந்தும் 30 விநாடித் துண்டு எடுத்து, நடுவே இடைவெளி விடாமல் மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

கவனிக்க வேண்டியது ஸ்நேர் அடியின் முதல் நொடித்துளி. கிதார், பேஸ், குரல், கிக் டிரம் எல்லாம் சேர்ந்து வரும் கோரஸில் லிமிட்டர் எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கும். அப்போது முதலில் மழுங்குவது ஸ்நேரின் கூர்முனைதான். வரிப் பகுதியில் 'டப்' என்று தெறிக்கும் ஸ்நேர், கோரஸில் 'தப்' என்று பின்வாங்கினால் அது மாஸ்டரிங்கின் வேலை. அதற்குத் தயாரிப்பாளரையோ பாட்டு எழுதியவரையோ திட்டக்கூடாது.

புதுக்கிதார்:

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும் அண்ணன்களே. 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆல்பத்துல வர்ற 'நெவர் மென்ட்' வாசிக்கணும்னு சுருதி மாத்தினேன், நாலாவது தந்தி பட்டுனு அறுந்துடுச்சு. 10-46 தடிமன் தந்தி செட்தான். அந்தச் சுருதிக்குத் தனியா தந்தி வாங்கணுமா?

ஆறாம்தந்தி:

வேண்டாம் தம்பி, 10-46 போதும். அந்தப் பாட்டோட சுருதி, தடிமனான தந்தில இருந்து எஃப், ஏ, சி, ஜி, சி, ஈ. வழக்கமான சுருதில இருந்து மூணே தந்திதான் மாறும். ஆறாவது ஈ-ல இருந்து அரைச் சுருதி ஏறி எஃப். நாலாவது டி-ல இருந்து ஒரு முழுச் சுருதி *இறங்கி* சி. ரெண்டாவது பி-ல இருந்து அரைச் சுருதி ஏறி சி.

நாலாவது அறுந்துச்சுன்னா நீங்க அதை இறக்காம ஏத்தியிருக்கணும். கிளிப் டியூனர் 'சி'ன்னு எழுத்தை மட்டும் காட்டும், எந்த ஸ்தாயி சி-ன்னு காட்டாது. மேல இருக்கிற சி பத்து அரைச் சுருதி தள்ளி இருக்கு, அவ்வளவு இழுத்தா எந்தத் தந்தியும் தாங்காது. முதல்ல நாலாவதை இறக்குங்க, அப்புறம் மத்த ரெண்டையும் ஏத்துங்க.

டியூனரை நம்பாம காதால சரிபார்க்கவும் வழி இருக்கு. ஆறாவது தந்தில 4-வது ஃப்ரெட் பிடிச்சா திறந்த அஞ்சாவது தந்தி ஒலி வரணும். அப்படியே அஞ்சாவதுல 3, நாலாவதுல 7, மூணாவதுல 5, ரெண்டாவதுல 4. ஒவ்வொண்ணும் அடுத்த திறந்த தந்தியோட சேரணும்.

டெசிபல்:

மிதக்கும் பிரிட்ஜ் (ஸ்பிரிங் தாங்கும், அசையும் தந்திப் பிடிமானம்) உள்ள கிதார் என்றால் ஒரு சுற்று போதாது. ஒரு தந்தியை இறக்கினால் ஸ்பிரிங் பிரிட்ஜைப் பின்னால் இழுக்கும், மற்றவை எல்லாம் சற்று ஏறிவிடும். இரண்டு மூன்று சுற்று வந்தால்தான் நிலைக்கும். இன்னொன்று, தளர்ந்த நாலாவது தந்தியை அழுத்திப் பிடித்தால் சுருதி ஏறும். விரலை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் வைத்து, மெதுவாக அழுத்தினால் போதும்.

பழையகேசட்:

ஆறாம்தந்தி, நீங்களே எழுதிய சுருதியைப் பாருங்கள். ஆறு தந்தியையும் திறந்து மீட்டினால் எஃப் மேஜர் நைன்த் என்ற கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு). அதில் ஈ-யும் எஃப்-பும் சேர்ந்து ஒலிக்கின்றன. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) போட்டு இதை மீட்டினால் நெருங்கிய ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதி, இல்லாத ஸ்வரங்களையெல்லாம் கிளப்பிவிட்டு ஒரே சகதியாகும். அதனால்தான் அந்த ஆல்பத்தின் கிதார் அவ்வளவு சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. 'பிளீட் அமெரிக்கன்' ஆல்பமோ மூல ஸ்வரமும் ஐந்தாம் ஸ்வரமுமாகப் பவர் கார்டு பிடிக்கிறது. எவ்வளவு டிஸ்டார்ஷன் போட்டாலும் அது தாங்கும். இரண்டு குழுவும் தங்கள் கார்டுக்கு ஏற்ற ஒலியைத்தான் தேர்ந்திருக்கின்றன. கரடு, மெருகு என்று பிரித்தால் நீங்கள் கொண்டாடும் ஆல்பம்தான் மெருகு பக்கம் நிற்கும்.

ஆறாம்தந்தி:

சுத்தம் வேற, மெருகு வேற. சுத்தமான பதிவுல பிழை மறையாது. விரல் தந்தில வழுக்குற சத்தம், ஒரு ஸ்வரம் சரியா பேசாமப் போறது, எல்லாம் அப்படியே கேக்கும். மெருகுன்னு நான் சொல்றது, ஒரே ரிதம் கிதாரைப் பல தடவை வாசிச்சு அடுக்கி, அந்தப் பிழையெல்லாம் காணாமப் போற மாதிரி மூடிடறது. 'அமெரிக்கன் ஃபுட்பால்'ல ரெண்டு கிதாரையும் தனித்தனியாப் பின்தொடர்ந்து கேக்க முடியும். 'பிளீட் அமெரிக்கன்' கோரஸ்ல எத்தனை கிதார் இருக்குன்னு எண்ணிச் சொல்ல முடியுமா?

கறுப்புச்சட்டை:

எண்ண முடியலைன்னா என்ன ப்ரோ? அது மொத்தமா வந்து இடிக்கணும்னுதானே அடுக்கினாங்க. நடுவழி வேணும்னா டேக்கிங் பேக் சண்டே குழுவோட 'டெல் ஆல் யுவர் ஃபிரெண்ட்ஸ்' (2002) கேளுங்க. கிதார் அடுக்கு இருக்கு, ஆனா ஆடம் லஸாராவும் ஜான் நோலனும் ஒரே நேரத்துல வேற வேற வரியைப் பாடி ஒருத்தரையொருத்தர் வெட்டுறது துல்லியமாக் கேக்கும். தம்பி புதுக்கிதார், அதுக்குப் போறதுன்னா சுருதியை மறுபடி மாத்தணும், முதல்ல ஆறாவதையும் ரெண்டாவதையும் இறக்கிட்டு அப்புறமா நாலாவதை ஏத்துங்க.

புதுக்கிதார்:

புதுத் தந்தி போட்டு, நாலாவதை இறக்கி, 4-3-7-5-4 பார்த்தாச்சு, எல்லாம் சேருது. ரெண்டாவது மட்டும் அஞ்சு நிமிஷத்துல கொஞ்சம் இறங்குது. நட்ல (கழுத்து முனைல தந்தி உக்கார்ற பள்ளக் கட்டைல) ஏதாவது பிரச்சினையா?

டெசிபல்:

இறங்குகிறது என்றால் பெரும்பாலும் தந்தி இன்னும் படியவில்லை. 12-வது ஃப்ரெட் பக்கத்தில் தந்தியை மெல்ல மேலே இழுத்து விட்டு, மறுபடி சுருதி சேருங்கள். இறங்குவது நிற்கும்வரை இப்படியே செய்யவேண்டும். சுருதிச் சாவியில் தந்தி இரண்டு மூன்று சுற்றாவது சுற்றியிருக்கிறதா, நழுவுகிறதா என்றும் பாருங்கள். திருகும்போது 'டிக்' என்று சத்தம் வந்து சுருதி தாவினால்தான் நட் பிடிக்கிறது என்று அர்த்தம். அப்போது அந்தப் பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்து கிராஃபைட் படிய வையுங்கள்.