ஒரே பாட்டு, நாலு பேர், யார் பெயர் முதலில்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பெரம்பூர்:

அமெரிக்க ராப்பர் கென்ட்ரிக் பெரிய ஆளா, கனடா ராப்பர் ட்ரேக் பெரிய ஆளா என்று 2024 மே மாதம் ஆரம்பித்த சண்டையை, நாலு ஊரில் இருந்து ராப் பாட்டு செய்கிற நாம் இன்னும் முடிக்கவில்லை. டொராண்டோவின் ஸ்கார்பரோக்காரன் ட்ரேக் மேல் ஊர்ப்பாசத்தை விடமாட்டான், நானும் ட்ரேக்கைக் கிழித்து கென்ட்ரிக் பாடிய 'நாட் லைக் அஸ்' பாட்டை விடமாட்டேன், சரி. ஆனால் அந்த விவகாரத்தில் என் மண்டையில் நின்றது அதற்கப்புறம் நடந்த கூத்துதான். அந்தப் பாட்டு தன் பெயரைக் கெடுக்கிறது என்று 2025 ஜனவரியில் ட்ரேக் வழக்குப் போட்டார். கென்ட்ரிக் மேல் இல்லை, இரண்டு பேருக்குமே பின்னால் இருக்கிற யூனிவர்சல் இசைக் கம்பெனி மேல். ராப் சண்டையில் வருகிற பேச்சைக் கேட்கிறவர்கள் உண்மைத் தகவலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அது கருத்துதான் என்று சொல்லி அக்டோபரில் நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார். மேடையில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கிழிக்கிறார்கள், இரண்டு பாட்டின் பணமும் போவது ஒரே கல்லாவுக்கு. நமக்கு அந்தக் கல்லாவே கிடையாது, ஆனால் சண்டை மட்டும் குறைவில்லாமல் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசவேண்டும்.

எங்கள் கதையை முதலில் சொல்கிறேன். நாங்கள் மூன்று பேர். நான் பீட் செய்வேன், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடுகிற தாளமும் இசையும், ஒருவன் எழுதுவான், இன்னொருவன் பாடுவான். எழுதுகிறவன் பகலில் சாப்பாடு டெலிவரி. சிக்னலில் நிற்கும்போது வரி தோன்றினால் போனில் முணுமுணுத்துப் பதிந்துகொள்வான், பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பது, திட்டுவது எல்லாம் அதிலேயே இருக்கும். பாடுகிறவனுக்குக் குரலும் உண்டு, நாலு பேரிடம் பேசிப் பழகுகிற வாயும் உண்டு. ஒரு விளம்பரக் கம்பெனிக்காரர் அவனைத்தான் பார்த்தார், அவன்தான் பாட்டை அனுப்பினான், பணமும் அவன் கணக்கில்தான் விழுந்தது. விளம்பரம் இன்ஸ்டாவில் ஓடியபோதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் விஷயமே தெரியும். அவன் பணத்தை அமுக்கவில்லை, மூன்றாகப் பிரித்துக் கையில் கொடுத்தான், அதைச் சொல்லவேண்டும். ஆனால் எழுதியவன் பெயர் எங்கேயும் இல்லை. "நம்ம பாட்டுதானே மச்சி" என்றான். "பாட்டு நம்மளுதுதான், வரி என்னுது" என்றான் மற்றவன். அப்புறம் பல வாரம் பேச்சுவார்த்தை கிடையாது, நான் நடுவில் மாட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் போன் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் எனக்கு கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்ற நியூயார்க் ராப்பரின் கதைதான் ஓயாமல் ஞாபகம் வந்தது. 1979இல் வந்த 'ராப்பர்ஸ் டிலைட்', ராப் என்ற ஒன்று இருப்பதையே உலகத்துக்குச் சொன்ன ஹிட். அதில் பாடிய பிக் பேங்க் ஹேங்க், நியூஜெர்சியில் ஒரு பீட்சா கடையில் வேலை பார்த்தவர், பிராங்க்ஸில் கேஸோடு சுற்றியவர். பாட வாய்ப்பு வந்ததும் கேஸிடம் போய் வரிகள் கேட்டார், கேஸ் தன் நோட்டைக் கொடுத்தார். நண்பன்தானே கேட்கிறான் என்று கொடுத்திருப்பார். அந்த வரிகளில் கேஸ் தன் மேடைப்பெயரான 'கேசனோவா'வை எழுத்துக் கூட்டிச் சொல்கிற இடம் ஒன்று உண்டு, ஹேங்க் அதைக்கூட மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார். இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள், அடுத்தவர் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லித்தான் அந்தப் பாட்டு ஓடுகிறது. கேஸுக்குப் பெயரும் இல்லை, பணமும் இல்லை. அதே பாட்டின் பின்னால் ஓடுகிற பேஸ் கிட்டார் இசை 'சிக்' குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டில் இருந்து வந்தது. அதைச் செய்த நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்குப் போடுவோம் என்று நின்றார்கள், பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறிவிட்டது. இசைக்காரர்களுக்கு வக்கீல் இருந்தார், நோட்டுக்காரருக்கு இல்லை. எனக்கு இது ஆறவே ஆறாது.

உங்களுக்கு என்ன நடந்தது, எழுதுங்கள்.

மதுரை:

அண்ணே, நானும் சொல்கிறேன். ஒரு பாட்டுக்கு ஹூக், அதாவது திரும்பத் திரும்ப வருகிற பகுதி, பாடக் கூப்பிட்டார்கள். போனால் வரி மட்டும்தான் இருக்கிறது, மெட்டு இல்லை. "நீயே ஏதாவது பாடும்மா, பார்க்கலாம்" என்றார்கள். எங்கள் அப்பத்தா நாற்று நடும்போது இழுக்கிற இழுவை ஒன்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே பாடம், அதை அடித்தளமாக வைத்து மைக் முன்னாலேயே ஒரு மெட்டு போட்டேன். கேட்டவர்கள் எல்லாருக்கும் பிடித்தது. பாட்டு வந்தது. விவரக்குறிப்பில் "பெண் குரல்" என்று போட்டு என் பெயரைப் போட்டிருந்தார்கள், மெட்டு என்ற இடத்தில் வேறு ஒருவர் பெயர். கேட்டதற்கு, "பாடகிக்குப் பாடகி என்றுதானே போடமுடியும்" என்று பதில். கல்யாண வீட்டில் பாடுகிற அக்காமார்கள் எத்தனை பேருக்கு இப்படி ஆகியிருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

'எஞ்சாய் எஞ்சாமி' விவகாரத்தை நான் அதனால்தான் விடாமல் படித்தேன். 2021 மார்ச்சில் பாட்டு வந்தது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலம் இல்லாமல் திரும்பிவந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதையில் இருந்து ராப்பர் அறிவு எடுத்த பாட்டு, பாடகி தீயும் சேர்ந்து பாடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் தீயும் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை, ஏன் இல்லை என்று இயக்குநர் பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா, அந்தப் பாட்டு மேடையில் ஒலிக்கிறது, அங்கேயும் அறிவு இல்லை. சில நாளில் அவர் இன்ஸ்டாவில், இது நான் எழுதி மெட்டமைத்துப் பாடியது என்று எழுதினார். பாட்டின் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தன் தரப்பைச் சொன்னார், தீயும் சொன்னார். ஊரே இரண்டாகப் பிரிந்து யார் பொய் சொல்கிறார்கள் என்று கத்தியது. எனக்கு அந்தக் கத்தலில் சேரத் தோன்றவில்லை. ஒரு மெட்டு ஒரு அறையில் நாலு பேர் நடுவில் பிறக்கும்போது யாரிடமிருந்து எது வந்தது என்பது அந்த அறைக்குத்தான் தெரியும், மறுநாளே அவரவர் ஞாபகத்தில் அது வேறு வேறாகிவிடும், பொய் சொல்லவேண்டும் என்றுகூட இல்லை.

இதில் எனக்கு வயிறு எரிந்தது கடைசியில் வந்த செய்திதான். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே ஒரு வீடியோ போட்டு, இந்தப் பாட்டில் எங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்றார். உலகமே ஆடிய பாட்டு அண்ணே. அவர்கள் மூன்று பேர் நடுவில் நாம் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருந்த காலமெல்லாம், அவர் சொன்னபடி பார்த்தால், மூன்று பேர் கையும் காலியாகத்தான் இருந்திருக்கிறது.

பெரம்பூர்:

தங்கச்சி, அந்த மெட்டு விஷயத்தை விடாதே. அப்பத்தாவின் இழுவை ஊருக்கே பொதுவாக இருக்கலாம், ஆனால் அதை வைத்து அந்த வரிக்கு நீ போட்டது புது மெட்டு, அப்படியென்றால் அந்தப் பாட்டில் நீ பாடகி மட்டும் இல்லை, இசையமைத்தவளும்தான். நீ பாடிப்பாடிப் பார்த்த முதல் பதிவு அவர்களிடம் இருந்தால் கேட்டு வாங்கு, இல்லையென்றால் அன்றைக்கு உன் போனில் எதையாவது பதிந்தாயா என்று தேடு. தேதியோடு கிடைத்தால் நல்லது.

கோலாலம்பூர்:

மச்சான்களா, நீங்கள் எல்லாம் பெயர் இல்லை என்கிறீர்கள், எனக்கு நடந்தது தலைகீழ். நான் ஒரு பழைய தமிழ்ப் பாட்டின் வயலின் துண்டை எடுத்துத் திரும்பத் திரும்ப ஓடுகிற மாதிரி லூப் போட்டுப் பாட்டு செய்தேன், செந்தூலில் ஒரு கல்யாண நிகழ்ச்சியில் பாடினோம், சனம் எழுந்து ஆடியது. யூடியூபில் ஏற்றினால் சில நிமிஷத்தில், இது எங்கள் சொத்து என்று உரிமைக்காரர் தரப்பில் இருந்து கிளெய்ம். நியாயமான கிளெய்ம்தான், நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் அனுமதி வாங்கிவிடலாம் என்று கிளம்பினால் யாரைப் போய்ப் பார்ப்பது? பாட்டு என்பது ஒரு சொத்து, அதன் ஒலிப்பதிவு இன்னொரு சொத்து, இரண்டுக்கும் தனித்தனியாகக் கேட்கவேண்டும். கேசட் கம்பெனி ஒன்று, அதை வாங்கியது இன்னொன்று, இசையமைப்பாளர் தரப்பு வேறு. நான் அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலே இல்லை.

எங்கள் ஊரில் 2006இல் யோகி பி, நட்சத்திரா 'வல்லவன்' ஆல்பம் கொண்டுவந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். அதில் பழைய பாட்டை வைத்துச் செய்த 'மடை திறந்து' கேட்டுவிட்டுத்தான், நம் பாட்டன் வீட்டு இசையை எடுத்து ராப்புக்குள் வைக்கலாம் என்பதே எனக்குத் தெரிந்தது. அந்த ஆசையை விடவும் முடியவில்லை. கையை நீட்டி எடுப்பதில்தான் ஹிப்ஹாப் பிறந்தது, 1973இல் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் இரண்டு இசைத்தட்டை வைத்து அடுத்தவர் பாட்டின் டிரம்ஸ் இடத்தைத்தானே நீட்டி ஓட்டினார்.

அதே நேரம் 'ஆமென் பிரேக்' என்கிற டிரம்ஸ் துண்டை நினைத்தால் எனக்கு வாய் அடைத்துப்போகும். 1969இல் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற குழு ஒரு இசைத்தட்டின் பின்பக்கத்தில் போட்ட 'ஆமென், பிரதர்'. நடுவில் டிரம்ஸ் மட்டும் நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று, ஏழு வினாடிகூட முழுசாக இல்லை. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அது இருக்கிறது, ஜங்கிள் என்ற ஒரு இசை வகையே அதன் முதுகில் ஏறி நின்றது. அதை வாசித்த கிரெகரி கோல்மன் 2006இல் வீடு வாசல் இல்லாமல் செத்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் சேர்ந்து 24,000 பவுண்டு திரட்டிக் கொடுத்தார்கள். கோல்மனுக்கு அதுவும் இல்லை. எடுக்கிற சுதந்திரமும் வேண்டும், வாசித்தவன் வீட்டில் அடுப்பும் எரியவேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவனோடு நான் பேசுவதே இல்லை.

ஸ்கார்பரோ:

முதலில் ஒன்று. ட்ரேக் எங்கட ஊர், அவ்வளவுதான், அதற்கு மேல் கதைக்க ஒன்றும் இல்லை.

என் அனுபவம் பீட் வாங்கினதில். இணையத்தில் ஒரு பெடியன் விற்கிற பீட், குறைந்த விலைக்கு லீஸ். லீஸ் என்றால் அதே பீட்டை அவன் இன்னும் பத்துப் பேருக்கும் கொடுக்கலாம், அது எனக்குத் தெரியும், ஒப்பந்தத்தை வடிவாக வாசித்துத்தான் வாங்கினேன். பாட்டு வெளியே வந்து கொஞ்ச நாளில், ஆரெண்டே தெரியாத ஒருவர் பெயரில் என் பாட்டுக்குக் கிளெய்ம் வருகிறது. பார்த்தால் அவரும் அதே பீட்டை லீஸுக்கு எடுத்தவர், தன் பாட்டை விநியோகிக்கிற நிறுவனம் வழியாக, யூடியூபில் பாட்டைத் தானாகக் கண்டுபிடிக்கிற கன்டென்ட் ஐடியில் பதிந்திருக்கிறார். மெஷினுக்குப் பீட் மட்டும்தான் கேட்கும், முதலில் பதிந்தவர்தான் அதற்குச் சொந்தக்காரர். லீஸ் எடுத்த ஆளுக்கு அப்படிப் பதிய உரிமையே இல்லை என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது, அந்தத் தாளைக் காட்டித்தான் மீட்டேன்.

'ஓல்டு டவுன் ரோடு' பாட்டும் இப்படித்தான், லில் நாஸ் எக்ஸ் 30 டாலருக்கு வாங்கின பீட். செய்தது நெதர்லாந்தில் ஒரு 19 வயதுப் பெடியன், யங்கியோ. அவன் அதற்குள் நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் ஒரு இசைத்துண்டை எடுத்து வைத்திருந்தான். 2019இல் 19 வாரம் அமெரிக்காவில் முதலிடம். இவ்வளவு சிக்கலான பாட்டில் யங்கியோ, நைன் இஞ்ச் நெயில்ஸின் டிரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸ் மூன்று பேர் பெயரும் சரியாக ஏறினது. அதைப் பார்த்தால், மனம் வைத்தால் செய்யலாம் என்பது தெரிகிறதுதானே?

சரி, பெரம்பூர், உன் ஆட்கள் இரண்டு பேரும் திரும்பக் கதைக்கினமா இல்லையா, அதைச் சொல்லாமல் போய்விட்டாய்.

பெரம்பூர்:

பேசுகிறார்கள், மச்சான். எழுதுகிறவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, பாடுகிறவன்தான் ராத்திரி முழுக்க வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பாட்டைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனால் அன்போடு மட்டும் விட்டுவிடக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். இப்போது ரெக்கார்டிங் முடிந்த அன்றைக்கே ஒரு தாள். வரி யார், மெட்டு யார், பீட் யார், யாருக்கு எத்தனை சதவீதம், பாட்டுக்குத் தனியாக, ஒலிப்பதிவுக்குத் தனியாக. மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டோ. முதல் தடவை பாடுகிறவன் முகம் சுருங்கியது, "என்மேல நம்பிக்கை இல்லையா" என்றான். எழுதுகிறவன்தான் பதில் சொன்னான்: "நம்பிக்கை இருக்கு, ஞாபகசக்திதான் இல்ல." மதுரைத் தங்கச்சி சொன்ன அறையின் கதை இதுதானே.

இன்னொன்றையும் எல்லாரும் தெரிந்துகொள்ளவேண்டும். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில் 2012இல் ஒரு திருத்தம் வந்தது. பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்கு வரவேண்டிய ராயல்டி உரிமையை வாரிசுக்கோ ராயல்டி வசூலித்துக் கொடுக்கிற ஐபிஆர்எஸ் மாதிரி பதிவு பெற்ற சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. கம்பெனிக்காரர் நீட்டுகிற தாளில் 'எல்லா உரிமையும்' என்று இருந்தாலும் இந்தப் பங்கு உங்களோடதுதான். எங்கள் எழுதுகிறவன் ஐபிஆர்எஸ்ஸில் சேர விண்ணப்பம் போட்டிருக்கிறான், உறுப்பினர் ஆனதும் பழைய பாட்டுகளையும் பதியப்போகிறான்.

எங்களுக்குள் இன்னும் தீராதது பீட்டின் பங்கு. டிரம்ஸும் ஒரு பேஸும் மட்டும் இருந்தால் அதை இசையமைப்பு என்று சொல்லிப் பாதி கேட்கலாமா என்று அவர்கள் கேட்கிறார்கள், பீட் இல்லாமல் நீங்கள் எதன் மேல் பாடியிருப்பீர்கள் என்று நான் கேட்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அதற்காகவே உட்காருகிறோம். கோலாலம்பூர், உங்கள் பக்கம் பீட்டுக்கு எவ்வளவு பிரிக்கிறீர்கள், அதற்குள் எழுதிவிடு.