மறு: ஹோஃப்மைஸ்டர், ஹோஃப்கெரிஹ்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மன் சட்டநூலாசிரியர் ஷ்வார்சன்பெர்க் பற்றிய கட்டுரையில் அவரை ‘நீதிமன்ற அதிகாரி’ என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

சரியில்லை ஐயா. அவர் வகித்தது ஹோஃப்மைஸ்டர் பதவி, அதாவது அரண்மனை நிர்வாகத் தலைமை. அதை நீதிமன்றமாக்கியது ஆங்கிலம் செய்த வேலை. ஆங்கிலக்காரருக்கு ராஜா கொலுவிருக்கும் இடமும் கோர்ட், வழக்கு நடக்கும் இடமும் கோர்ட். ஜெர்மனில் முன்னது ஹோஃப், பின்னது கெரிஹ்ட். நமக்கும் அரண்மனை வேறு, நீதிமன்றம் வேறு. இரண்டு மொழியிலும் தனித்தனிச் சொல் இருக்கிறது. ஆங்கில வழியாகச் சுற்றி வந்ததில்தான் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

இந்த மனிதர் விஷயத்தில் குழப்பம் கூடியதற்கு அவரும் ஒரு காரணம். இரண்டு இடத்திலும் அவரே உட்கார்ந்திருந்தார். யோஹான் ஃபான் ஷ்வார்சன்பெர்க் 1501 முதல் ஜெர்மனியின் பாம்பெர்க் நகர ஆயரிடம் ஹோஃப்மைஸ்டர். அந்த ஆயர் சமயத் தலைவர் மட்டுமல்ல, தன் நிலப்பகுதியை ஆண்ட சிற்றரசரும்கூட. அவருடைய அரண்மனை நிர்வாகத்தின் தலைமை ஹோஃப்மைஸ்டருக்கு. அரண்மனையில் கூடும் ஹோஃப்கெரிஹ்ட்டில் தலைமை வகிப்பதும் அவரே.

ஹோஃப்கெரிஹ்ட்டுக்கு ‘அரண்மனை நீதிமன்றம்’ போதும். ‘அவைமன்றம்’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். அவையும் மன்றமும் ஏறக்குறைய ஒன்றுதானே, ‘நடுசென்டர்’ மாதிரி ஆகிவிடும்.

ஹோஃப்மைஸ்டர்தான் கஷ்டம். ‘அவைத்தலைவர்’ என்றால் கட்சிப் பொறுப்பு நினைவுக்கு வரும். ‘காரியஸ்தர்’ என்றால் பண்ணைக் கணக்குப் பார்ப்பவர் ஆகிவிடுவார். ‘திவான்’ வேலையளவில் நன்றாகவே பொருந்துகிறது, எனக்கும் சபலம்தான். ஆனால் அந்தச் சொல்லோடு புதுக்கோட்டையும் திருவிதாங்கூரும் தலைப்பாகையும் சேர்ந்து பாம்பெர்க்குக்குள் நுழைந்துவிடும். வேண்டாம். சோழர் கல்வெட்டில் ‘திருமந்திர ஓலை நாயகம்’ என்று ஒரு பதவி வருகிறது அல்லவா, அந்த நாயகத்தை எடுத்து ‘அரண்மனை நாயகம்’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. அப்புறம் ஓர் எச்சரிக்கை: அகராதியில் ஹோஃப்மைஸ்டருக்கு ‘வீட்டு ஆசிரியர்’ என்ற பொருளும் இருக்கும். அது பிற்காலத்து வழக்கு. செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர்களைப் பின்னாளில் அப்படி அழைத்தார்கள். அதை இங்கே கொண்டுவந்தால் நம் ஆளை டியூஷன் வாத்தியார் ஆக்கிவிடுவோம்.

அடுத்து, யாரும் கேட்காத ஒன்று. கட்டுரையில் ரிஹ்டர் என்ற சொல்லுக்கு ‘நீதிபதி’ என்று போட்டிருக்கிறீர்கள். இன்றைய ஜெர்மனிக்கு அது சரி. அந்தக் காலத்துக்கு இடிக்கிறது. பழைய ஜெர்மானிய முறையில் ரிஹ்டர் மன்றத்தைக் கூட்டுவார், ஒழுங்கைக் காப்பார், ‘தீர்ப்பு என்ன?’ என்று கேட்பார். தீர்ப்பைக் கண்டு சொல்வது ஷோஃபெ என்ற உறுப்பினர்கள். பின்பு அதை அறிவித்து நிறைவேற்றுவது மறுபடி ரிஹ்டர். ஆக, தீர்ப்புச் சொல்லாத ஒருவரை நீதிபதி என்று அழைக்கிறோம். ‘நடுவர்’ என்றாலும் தப்பவில்லை, நம் பட்டிமன்ற நடுவரின் வேலையே கடைசியில் தீர்ப்புச் சொல்வதுதான். என் பரிந்துரை: ரிஹ்டருக்கு ‘மன்றத் தலைவர்’, ஷோஃபெக்கு ‘தீர்ப்புரைஞர்’. வழக்குரைஞர் என்ற சொல் பழகிவிட்டதால் தீர்ப்புரைஞர் காதுக்கு அந்நியமாக இருக்காது. ‘ஜூரி’ ஒத்துவராது. ஜூரி நடந்ததா இல்லையா என்று சொல்லும், சட்டம் என்ன என்பதை நீதிபதியிடம் விட்டுவிடும். ஷோஃபெ இரண்டையும் சொன்னார்கள்.

அந்தத் தீர்ப்புரைஞர்கள் பல்கலைக்கழகம் பார்க்காதவர்கள். ரோமானியச் சட்டமோ லத்தீனில் இருந்தது. 1507இல் பாம்பெர்க்கில் அச்சான குற்றவியல் சட்டநூலை ஷ்வார்சன்பெர்க் ஜெர்மனில், மரச்செதுக்குப் படங்களும் எதுகை வரிகளும் சேர்த்து ஆக்கியது இவர்களை மனதில் வைத்துத்தான். அவருக்கே லத்தீன் தெரியாது! பண்டை ரோமானிய எழுத்தாளர் சிசெரோவை வேறொருவர் மொழிபெயர்த்துக் கொடுக்க, அதை நல்ல ஜெர்மனாகத் திருத்தி எழுதியவர் அவர். நம் குழுவில் இருந்திருக்க வேண்டிய ஆள்.

அந்தச் சட்டநூலின் பெயரில் ஹால்ஸ்கெரிஹ்ட் என்று வருகிறது. ஹால்ஸ் என்றால் கழுத்து. உயிரைப் பறிக்கும் தண்டனைவரை விதிக்கும் அதிகாரமுள்ள மன்றம் அது. ‘கழுத்து மன்றம்’ என்ற நேர்ப்பெயர்ப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். அவர்களுக்குக் கழுத்து என்றால் நமக்குத் தலை: ‘தலை போகிற காரியம்’ என்கிறோம். ‘தலைத்தண்ட மன்றம்’ எப்படி? ‘உயிர்த்தண்ட மன்றம்’ தெளிவுதான், ஆனால் அதில் உறுப்பு போய்விடுகிறது.

1516இல் பக்கத்துப் பகுதியை ஆண்ட பிராண்டன்பெர்க் மார்க்கிரேவ்கள் (சிற்றரசர்கள்) இந்நூலை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1532இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் காலத்தில் புனித ரோமானியப் பேரரசு முழுமைக்கும் வந்த கரோலினா என்ற குற்றவியல் சட்டத்துக்கும் இதுவே அடிப்படை. அதனால் இதைக் கரோலினாவின் தாய் என்பார்கள். தாயும் மகளும் ஒரே சொற்களைப் பேசுவதால் இங்கே முடிவு செய்வது கரோலினா கட்டுரைக்கும் உதவும்.

கட்டுரையின் முதல் வரியை இப்படி மாற்றிப் பாருங்கள்: “பாம்பெர்க் ஆயரின் அரண்மனை நாயகமாகவும் அரண்மனை நீதிமன்றத் தலைவராகவும் இருந்தவர்.”

ஒரு முடிச்சு மட்டும் பாக்கி. ஷ்வார்சன்பெர்க், சமயச் சீர்திருத்தவாதி லூதர் பக்கம் சாய்ந்தபின் பாம்பெர்க்கை விட்டு, அதே பிராண்டன்பெர்க் மார்க்கிரேவ்களிடம் லாண்ட்ஹோஃப்மைஸ்டர் ஆனார். 1528இல் நியூரெம்பெர்கில் இறந்தார். லாண்ட் என்றால் நாடு. ‘நாட்டு நாயகம்’ என்று எழுதிப் பார்த்தேன், நாட்டுக்கோழி மாதிரி இருக்கிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

அன்புடன்